ரயில் போய்விட்டது, வாட்டம் இருக்கிறது: கைவிட்ட ரயில் பாதை எப்படி சைக்கிள் பாதை ஆகிறது?

ரயில் ஓடாத ஒரு பாதையில் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டிருக்கிறார்கள் என்று நியூசிலாந்திலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ ஒரு செய்தி வந்தால், படிப்பவர்களில் பாதிப் பேருக்கு "நல்ல விஷயம்தானே" என்று தோன்றும். மீதிப் பேருக்கு "அப்போ அந்த ஊருக்கு இனி ரயிலே வராதா, நிலத்தை யாரோ அமுக்கப் பார்க்கிறார்களா" என்று தோன்றும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்பும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. ஒரு ரயில் பாதையில் விலை மதிப்புள்ள பொருள் தண்டவாளம் அல்ல, அதன் அடியில் கிடக்கும் அந்த ஒல்லியான, நீளமான, இடையில் எங்குமே அறுபடாத நிலம்தான். தண்டவாளத்தை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், அந்த நிலம் ஒரு தடவை துண்டு துண்டாகப் போய்விட்டால் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு.

இதை ஒரு நிஜமான பாதையை வைத்துப் பார்ப்பதுதான் வசதி. நியூசிலாந்தின் தென் தீவில் கிளைட் என்ற சின்ன ஊரிலிருந்து மிடில்மார்ச் வரை 152 கி.மீ. போகும் ஒட்டாகோ சென்ட்ரல் ரயில் டிரெயில். முழுக்க கிராமப்புறம், ஆட்டுப் பண்ணைகள், புல்வெளி, பாறை.

முதலில் நான்கு சொற்கள்

செய்திகளில் இவற்றைக் கலந்து கட்டி எழுதுவதால்தான் பாதிக் குழப்பம்.

1. ஓட்டம் நிற்பது. வண்டி வரவில்லை, அவ்வளவுதான். பாதை சட்டப்படி உயிரோடு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் காசினோ–முர்வில்லம்பா பாதையில் 2004-லேயே ரயில் நின்றுவிட்டது. ஆனால் அந்த மாநிலத்தில் ஒரு ரயில் பாதையை மூட வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் சட்டமே போட வேண்டும் என்பதால் தண்டவாளம் புதர் மண்டி அப்படியே கிடந்தது. "ரயிலைத் திரும்பக் கொடு" என்ற கூட்டமும் "சைக்கிள் பாதை போடு" என்ற கூட்டமும் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டின. கடைசியில் 2023-ல்தான் முர்வில்லம்பா பக்கத்து 24 கி.மீ. சைக்கிள் பாதையாகத் திறந்தது.

2. பாதை மூடப்படுவது, அதாவது கைவிடுதல். "இனி இது ரயில் பாதை இல்லை" என்று சட்டப்படி அறிவிப்பது. நிலத்தின் தலையெழுத்து மாறுவது இந்த இடத்தில்தான்.

3. பாதைப் படுகை. தண்டவாளமும் ஸ்லீப்பர் கட்டையும் ஜல்லியும் உட்காரும் மண் மேடு. பள்ளத்தில் கரை போட்டு உயர்த்தியிருப்பார்கள், மேட்டில் வெட்டிப் பள்ளமாக்கியிருப்பார்கள்.

4. வழிப் பாத்தியதை. நம் ஊர்ப் பத்திரங்களில் வரும் அதே சொல்தான். நிலம் ஒருவருடையது, அதன் வழியே போகிற உரிமை மட்டும் இன்னொருவருடையது. ரயில் கம்பெனிகள் பல இடங்களில் நிலத்தைக் கிரயம் வாங்கவில்லை, பாத்தியதை மட்டுமே வாங்கின. இது பின்னால் பெரிய வழக்கெல்லாம் ஆகும், அதற்கு வருவோம்.

ஏன் இவ்வளவு சமதளமாக இருக்கிறது? இன்ஜினின் பலவீனம்தான் காரணம்

கொத்தனார்கள் தரை போடும்போது "தண்ணி ஓட வாட்டம் வை" என்பார்கள். ரயில்காரர்களுக்கும் வாட்டம்தான் எல்லாம். 50-க்கு 1 வாட்டம் என்றால் 50 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுகிறது என்று பொருள்.

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது எதிர்ப்பு மிகக் குறைவு. சமதளத்தில் ஒரு டன் எடையை நகர்த்த சுமார் 2 கிலோ இழுவிசை போதும், மாட்டு வண்டியோ லாரியோ கனவிலும் நினைக்க முடியாத சிக்கனம். ஆனால் அந்த வழுக்கல்தான் மேட்டில் எமன். கணக்கைப் பாருங்கள்:

1. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள பிடிப்பு, காய்ந்த நிலையில், இன்ஜினின் ஓட்டுச் சக்கரங்கள் தாங்கும் எடையில் தோராயமாக நாலில் ஒரு பங்கு. 50 டன் எடை என்றால் இழுவிசை பன்னிரண்டரை டன் வரை போகலாம், அதற்கு மேல் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். மழை பெய்தால் அதுவும் கிடையாது.

2. 50-க்கு 1 மேட்டில் ஒரு டன்னுக்கு 2 கிலோ போதாது. புவியீர்ப்பு மட்டுமே 20 கிலோ கேட்கிறது, ஆக மொத்தம் 22. பதினோரு மடங்கு.

3. அந்த இன்ஜின் இழுக்கக்கூடிய மொத்த எடை 570 டன் அளவில் முடிந்துவிடுகிறது, இன்ஜினையும் சேர்த்து. அதுவும் காகிதத்தில்தான். வாட்டத்தை 25-க்கு 1 ஆக்கினால் 300 டன்னுக்கு இறங்கிவிடும்.

அதாவது மேட்டை இரண்டு மடங்காக்கினால் சரக்கு ஏறக்குறைய பாதியாகிறது, செலவு அப்படியே இருக்கிறது. அதனால்தான் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மலையைக் கண்டால் சுற்றினார்கள், சுற்ற முடியாவிட்டால் குடைந்தார்கள், பள்ளத்தைக் கண்டால் பாலம் கட்டினார்கள், எதைச் செய்தும் வாட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒட்டாகோ பாதையில் அதிகபட்சம் 50-க்கு 1.

இப்போது அதே இடத்தில் ஒரு சைக்கிள்காரரை வையுங்கள். ஆளும் சைக்கிளும் பையும் சேர்த்து 90 கிலோ. 50-க்கு 1 மேட்டில் புவியீர்ப்பு அவரைப் பின்னால் இழுப்பது 1.8 கிலோ, ஒரு தண்ணீர்க் குடத்தின் கால்வாசி கூட இல்லை. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போனால் மேட்டுக்காக மட்டும் அவர் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய சக்தி 50 வாட் அளவு. சாதாரண மலைச் சாலையில் 12-க்கு 1 மேடு வந்தால் அதே வேகத்துக்கு 200 வாட் வேண்டும், பயிற்சி இல்லாதவர் இரண்டு நிமிஷத்தில் இறங்கித் தள்ளுவார். 70 வயசுக்காரரும் பத்து வயசுப் பிள்ளையும் ஒரே குழுவில் 152 கி.மீ. போக முடிகிறது என்றால், நீராவி இன்ஜினுக்கு மேடு ஏறத் தெம்பில்லை என்பதுதான் காரணம்.

அந்தப் பாதையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 618 மீட்டர். கிளைட்டிலிருந்து சுமார் 75 கி.மீ. தூரத்தில் ஏறக்குறைய 450 மீட்டர் ஏறுகிறீர்கள். நம் கொல்லிமலையில் இதைவிட அதிக உயரத்தைச் சாலை கொண்டை ஊசி வளைவுகளில் கொஞ்ச தூரத்திலேயே முடித்துவிடும். ஒட்டாகோவில் சாட்டோ கிரீக் தாண்டி டைகர் ஹில் என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் தொடை வலிக்கும், அங்கும் பாதை நேராக ஏறாமல் வளைந்து வளைந்துதான் உயர்கிறது.

வளைவுகளும் அப்படியே. ரயிலால் சடாரென்று திரும்ப முடியாது, வேகம் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு இதே பாதையில் ஹைட் அருகே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1943 ஜூன் 4 அன்று ஒரு பயணிகள் வண்டி வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தில் தடம் புரண்டு 21 பேர் இறந்தார்கள். அகலமான வளைவு சைக்கிள்காரருக்கு என்ன தருகிறது? எதிரே வருபவரைத் தூரத்திலேயே பார்த்துவிடலாம்.

வந்த கதையும் போன கதையும்

1860களில் ஒட்டாகோ என்ற அந்த வட்டாரத்தின் உட்பகுதியில் தங்கம் கிடைத்து ஜனம் குவிந்தது. தங்கம் குறைந்த பிறகு பண்ணைகள். அங்கிருந்து கம்பளியையும் ஆட்டையும் பழத்தையும் கடலோர நகரமான டுனெடின் பக்கம் கொண்டுவர வேண்டும். 1879-ல் டுனெடின் அருகே விங்காடுயில் வேலை தொடங்கியது. மிடில்மார்ச்சுக்கு 1891, கிளைட்டுக்கு 1907, கடைசி ஊரான குரோம்வெல்லுக்கு 1921. மொத்தம் 236 கி.மீ., 42 வருஷம். இடையில் பொருளாதார மந்தம் வந்தது, காசில்லை என்று வேலை நின்றது, தொடர்ந்தது. பெரும்பாலும் மண்வெட்டி, கடப்பாரை, வெடிமருந்து. பூல்பர்ன் பள்ளத்தாக்கில் 37 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாலத்தின் கல் தூண்களைப் பார்த்தால், உள்ளூர்ப் பாறையை உடைத்து அடுக்கியது, யார் எத்தனை நாள் அதில் நின்று வேலை பார்த்தார்கள் என்று யோசிக்காமல் கடக்க முடியாது.

இந்த ரயிலை ஒரு சட்டம் ரொம்ப நாள் காப்பாற்றியது. நியூசிலாந்தில் 1930களிலிருந்து லாரிகள் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் ரயிலோடு போட்டி போடக் கூடாது என்று கட்டுப்பாடு. முதலில் 30 மைல், படிப்படியாக ஏறி 1977-ல் 150 கி.மீ. ஆனது. 1983-ல் சட்டம் திருத்தப்பட்டு அந்த வேலியும் போனது. கிராமக் கிளைப் பாதைகள் பலவற்றுக்கு அதற்குப் பிறகு சரக்கே இல்லை.

ஒட்டாகோவுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் ஆயுள் கிடைத்தது, அதுவும் விசித்திரமாக. கிளைட்டில் பெரிய அணை கட்டினார்கள். அணைக்கான சாமான்கள் ரயிலில் வந்தன. அதே அணை கிளைட்டுக்கு அப்பால் குரோம்வெல் வரை இருந்த பாதையை விழுங்கும் என்பதால் அந்தத் துண்டு 1980-லேயே மூடப்பட்டது. அணைக்குச் சாமான் சுமக்கும் வேலை முடிந்தது, ரயிலும் முடிந்தது. 1990 ஏப்ரல் 30 அன்று கிளைட்–மிடில்மார்ச் மூடல். வாயில் வாய்க்கரிசி போடுகிறவனுக்கே சோறு சுமந்த கதை.

மிடில்மார்ச்சிலிருந்து கீழே டுனெடின் பக்கம் உள்ள பள்ளத்தாக்குப் பகுதி சுற்றுலா ரயிலுக்காக டுனெடின் நகரசபையின் கைக்குப் போனது. மீதி 150 சொச்சம் கி.மீ. நிலத்தை 1993-ல் நாட்டின் இயற்கை வளப் பாதுகாப்புத் துறை வாங்கியது. முழு நீளமாக, ஒரே கையில். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைக்க வேண்டுமென்றால் அதை வையுங்கள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. கண்டவனும் நம் வேலியோரம் போவான், கேட்டைத் திறந்து போட்டுவிட்டு ஆட்டைக் கலைப்பான் என்ற பயம், நியாயமான பயம்தான். அதையெல்லாம் கடந்து முழுப் பாதையும் 2000 பிப்ரவரியில் திறந்தது.

தண்டவாளத்தை எடுத்ததும் சைக்கிள் ஓடுமா? ஓடாது

பலர் நினைப்பது போல இது ஒரு வார வேலை இல்லை.

1. ஜல்லி. தண்டவாளத்துக்கு அடியில் கிடப்பது கை முஷ்டிக்குக் கொஞ்சம் சின்னதான, கூர்முனை உள்ள கருங்கல். ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஸ்லீப்பரை அசையாமல் பிடிக்க வேண்டும், மழைத் தண்ணீர் நிற்காமல் இறங்க வேண்டும், அதற்காகத்தான் அந்த வடிவம். அதில் சைக்கிள் விட்டால் சக்கரம் புதையும், நடந்தால் கணுக்கால் பிசகும். எனவே மேலே பொடிக்கல்லும் மண்ணும் கலந்த கிராவலைக் கொட்டி, நடுவில் லேசாக உயரமாக இருபுறமும் தண்ணீர் வழியும்படி ரோலர் விட்டு இறுக்குகிறார்கள். தார் போடலாம். ஆனால் கிராமப்புறத்தில் செலவு தாங்காது. கிராவலே போதும் என்பது என் கட்சியும். பாதை பார்வைக்கு ரோடு மாதிரி ஆகிவிட்டால் பைக்குகள் ஏறிவிடும்.

2. பாலங்கள். பழைய ரயில் பாலத்தில் ஸ்லீப்பர்களுக்கு நடுவே வெற்றிடம், கீழே ஆறு தெரியும், கைப்பிடி கிடையாது. பலகை அடித்துக் கைப்பிடி வைக்க வேண்டும். பலம் பற்றிக் கவலை இல்லை, பல பத்து டன் இன்ஜினைத் தாங்கியதற்கு நூறு சைக்கிள் ஒரு பொருட்டா. ஒட்டாகோவில் இப்படி அறுபதுக்கும் மேல்.

3. குகைகள். இந்தப் பாதையில் மூன்று. விளக்கு கிடையாது. நீளமானது இருநூறு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், ஆனால் வளைவு இருந்தால் நடுவில் கும்மிருட்டு. டார்ச் இல்லாமல் போனால் இறங்கிச் சுவரைத் தடவிக்கொண்டு வர வேண்டியதுதான்.

4. சிறுபாலங்களும் மதகுகளும். கண்ணுக்குத் தெரியாத, ஆனால் ஆகப் பெரிய செலவு. கரை மேட்டுக்கு அடியில் ஓடையைக் கடத்தும் குழாய் அடைத்துக்கொண்டால் கரையே அணையாகி, ஒரு மழையில் உடைத்துக்கொண்டு போகும். ரயில் ஓடிய காலத்தில் கேங்மேன்கள் தினமும் நடந்து பார்த்தார்கள். அவர்கள் தங்கிய தகரக் குடிசைகள் சில இன்னும் வழியில் இருக்கின்றன, மழைக்கு ஒதுங்க உதவும். ஆனால் அவர்கள் பார்த்த வேலையை இப்போது யாராவது பார்த்தாக வேண்டும். "பாதை திறந்தாச்சு" என்று ரிப்பன் வெட்டிய பிறகு பத்தாவது வருஷம் போய்ப் பாருங்கள், பராமரிப்புக்குக் காசு ஒதுக்கினார்களா இல்லையா என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

5. நஞ்சு. பழைய ஸ்லீப்பர் மரத்தில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய், புல் முளைக்காமலிருக்க அடித்த மருந்துகள், சில இடங்களில் ஈயம் கலந்த பெயின்ட். மண்ணைப் பரிசோதித்து, தேவையான இடத்தில் மூடவோ அகற்றவோ வேண்டும்.

நடப்பவருக்கு ஒன்று, ஓட்டுபவருக்கு ஒன்று

சைக்கிளில் நாலைந்து நாள், நடந்தால் ஒரு வாரம் தாராளமாக. இங்கே ஒரு பாரபட்சத்தைச் சொல்லிவிடுகிறேன்: இந்த மாதிரிப் பாதைகள் சைக்கிளுக்குத்தான் பொருத்தம். ரயில் வாட்டம் என்பது மணிக்கு 15 கி.மீ. போகிறவருக்கு வரம், 4 கி.மீ. போகிறவருக்குக் கொஞ்சம் தண்டனை. மணிக்கணக்கில் ஒரே மாதிரி ஏற்றம், தூரத்தில் ஒரு வளைவு தெரியும், அதை எட்ட முக்கால் மணி நேரம் ஆகும், எட்டினால் அதே மாதிரி இன்னொன்று. நடப்பவர்கள் முழுப் பாதையையும் பிடிவாதமாக முடிக்காமல், பூல்பர்ன் மாதிரி பாலமும் குகையும் சேர்ந்து வரும் துண்டுகளை மட்டும் நடப்பது புத்திசாலித்தனம்.

ஊர்களின் இடைவெளியும் ரயில் போட்ட கணக்குதான். நீராவி இன்ஜினுக்கு அடிக்கடி தண்ணீர் வேண்டும், பண்ணைக்காரன் குதிரை வண்டியில் மூட்டையைக் கொண்டுவந்து ஏற்றிவிட்டு அன்றே வீடு திரும்ப வேண்டும், எனவே 10, 15, 20 கி.மீ.க்கு ஒரு ஸ்டேஷன். கிளைட்டிலிருந்து அலெக்சாண்ட்ரா, சாட்டோ கிரீக், ஒமகாவ், லாடர், ஒட்டுரெஹுவா, வெடர்பர்ன், ரான்ஃபர்லி என்று வரிசை. இன்று அதே இடைவெளியில் டீயும் படுக்கையும் கிடைக்கின்றன. இடையில் ஒன்றும் கிடையாது, தண்ணீரை நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

மேடு இல்லை என்பதால் கஷ்டமே இல்லை என்று ஏமாந்துவிடக் கூடாது. அங்கே காற்றுதான் மேடு. மரமில்லாத மானியடோடோ சமவெளியில் எதிர்க்காற்று பிடித்தால், நம் கயத்தாறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடி மாதம் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், இறங்கு வாட்டத்திலும் மிதித்துத்தான் ஆக வேண்டும். வெயிலில் 30 டிகிரி தாண்டும், குளிரோ கேட்கவே வேண்டாம்: பாதைக்குப் பக்கத்தில் உள்ள ஓஃபிர் என்ற ஊரில் 1995 ஜூலையில் மைனஸ் 21.6 டிகிரி பதிவானது. ஆக, நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை போவது நல்லது.

நிலம் யாருடையது என்ற தலைவலி

ஒட்டாகோவில் ஒரே அரசுத் துறை மொத்தமாக வாங்கியதால் கதை சுருக்கமாக முடிந்தது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

பிரிட்டனில் 1963-ல் ரயில்வே தலைவர் பீச்சிங்கின் அறிக்கை வந்து சுமார் 5,000 மைல் பாதையையும் 2,300-க்கு மேற்பட்ட ஸ்டேஷன்களையும் மூடச் சொன்னது. மூடிய பாதைகளின் நிலத்தைப் பல இடங்களில் துண்டு போட்டு விற்றார்கள். ஒரு துண்டில் வீடு, ஒரு துண்டில் தொழிற்பேட்டை, இன்னொன்றின் குறுக்கே புறவழிச்சாலை. ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலிருந்து தெற்கே போன பாதை 1969-ல் மூடப்பட்டது. பிறகு "ஐயோ, வேண்டுமே" என்று 2015-ல் சுமார் 30 மைலுக்குத் திரும்பத் திறந்தபோது எடின்பரோ புறவழிச்சாலை பழைய தடத்தை வெட்டிக்கொண்டு கிடந்தது. ஆக்ஸ்போர்டு–கேம்பிரிட்ஜ் பாதையைத் திரும்பப் போடுபவர்கள் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் பழைய தடத்தை மறந்துவிட்டுப் புதுத் தடமே தேட வேண்டியதாயிற்று.

அமெரிக்கா இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தது. 1983-ல் ஒரு சட்டத் திருத்தம். ரயில் கம்பெனி ஓட்டத்தை நிறுத்துகிறது, ஆனால் பாதையைக் "கைவிடவில்லை", பிற்காலத்தில் ரயில் தேவைப்படலாம் என்று "சேமித்து" வைக்கிறது, அதுவரை அதில் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். பேங்கில் போட்டு வைப்பது மாதிரி, அவர்கள் பேச்சிலும் இதற்கு ரயில் பேங்கிங் என்றே பெயர். ஏன் இந்தச் சுற்று வழி? யோசித்துப் பாருங்கள்:

1. கம்பெனியிடம் பல இடங்களில் இருந்தது நிலம் இல்லை, ரயில் ஓட்டும் பாத்தியதை மட்டும்.

2. ரயிலைக் கைவிட்டால் பாத்தியதை செத்துவிடும், நிலம் பக்கத்துக்காரருக்குத் திரும்பிவிடும்.

3. நூறு மைல் பாதையில் ஐந்நூறு பக்கத்துக்காரர்கள். ஒருவர் வேலி போட்டால் போதும், பாதை இரண்டாகிவிடும்.

4. "கைவிடவில்லை, சேமிக்கிறோம்" என்றால் பாத்தியதை சாகாது.

நிலக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு குடும்பம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1990-ல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, கூடவே நிலத்தை இழந்ததாக நினைப்பவர் அரசிடம் நஷ்ட ஈடு கேட்கலாம் என்றும் சொன்னது. 2014-ல் வயோமிங் வழக்கில் காற்று மறுபக்கம் அடித்தது. அங்கே பாதை சேமிக்கப்படவில்லை, உண்மையிலேயே கைவிடப்பட்டது. எனவே 1875-ம் வருஷச் சட்டப்படி ரயிலுக்குக் கொடுத்தது வெறும் பாத்தியதைதான், அது முடிந்ததும் நிலம் உடமைக்காரருக்கே என்று எட்டுக்கு ஒன்று தீர்ப்பு. ஒரு சொல்லின் வித்தியாசம், மொத்தப் பாதையும் போச்சு. மிசூரியில் 240 மைல் நீளமுள்ள கேட்டி டிரெயில் இந்தச் சேமிப்புச் சட்டத்தில் பிழைத்தது. 1986-ல் வெள்ளம் தடத்தை அரித்தபோது கம்பெனி கை கழுவியது, மாநிலம் எடுத்துக்கொண்டது.

வழியில் ஒரு வேடிக்கை. ஜெர்மனி–பெல்ஜியம் எல்லையில் ஃபென்பான் என்ற பழைய பாதை. முதல் உலகப் போருக்குப் பின் ஒப்பந்தத்தில் தண்டவாளம் கிடந்த நிலம் மட்டும் பெல்ஜியத்துக்கு என்று எழுதிவிட்டார்கள். விளைவு, அந்த ஒல்லி நிலத்தால் வெட்டுப்பட்டு ஐந்து ஜெர்மன் துண்டுகள் பெல்ஜியத்துக்குள் தீவு மாதிரி நிற்கின்றன, அதில் ஒன்று வெறும் ஒரு வீடும் தோட்டமும். ரயில் போய்விட்டது. இப்போது 125 கி.மீ. சைக்கிள் பாதை. ஆனாலும் அந்த மண் இன்னும் பெல்ஜியம்தான், சைக்கிளில் போகிறவர் இருபுறமும் ஜெர்மனி இருக்க நடுவில் பெல்ஜியத்தில் மிதிக்கிறார்.

ஊருக்கு என்ன கிடைக்கிறது?

ரயில் கூட்டமாக ஏற்றிக்கொண்டு ஊர்களைத் தாண்டிப் போகும், கார் அதைவிட வேகமாகத் தாண்டும். சைக்கிள்காரர் தாண்ட முடியாது. மதியம் பசிக்கும், சாயந்திரம் முதுகு வலிக்கும், பஞ்சர் ஆகும். ஒரு நாளைக்கு 30–40 கி.மீ. போகிறவர் ஒவ்வொரு பத்து இருபது கிலோமீட்டரிலும் பணத்தை இறக்கியே தீர வேண்டும். ஒட்டாகோவின் பழைய ஹோட்டல்களும் ஸ்டேஷன் வீடுகளும் தங்கும் விடுதிகளாக உயிர்பெற்றது இப்படித்தான். முதலில் எதிர்த்த பண்ணைக்காரர்களில் சிலரே அறை வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். 2009-ல் நியூசிலாந்து அரசு நாடு முழுக்க சைக்கிள் பாதைகள் போடும் திட்டத்தைத் தொடங்கியபோது கையில் இருந்த வெற்றி உதாரணம் இதுதான்.

ஆனால் பார்க்க வேண்டிய மறுபக்கமும் இருக்கிறது. ரயில் சுமந்த கம்பளி மூட்டையைச் சைக்கிள் சுமக்காது, அது லாரிக்குப் போய்விட்டது. கிடைக்கிற வேலைகள் பெரும்பாலும் ஆறு மாத சீசன் வேலைகள். "பாதை வந்தது, ஊர் பிழைத்தது" என்று ஒரே வரியில் எழுதுகிற பத்திரிகைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்க வேண்டும்.

நம் பக்கத்தில் ஏன் இல்லை?

காரணம் எளிது. இங்கே ஓட்டம் நின்ற பாதை திரும்ப ரயில் பாதையாகவே வருகிறது. மதுரை–போடி மீட்டர் கேஜ் 2010 கடைசியில் நின்றது. தேனிக்கு 2022-ல், போடிக்கு 2023-ல் அகலப் பாதையாகத் திரும்பியது. பன்னிரண்டு வருஷம் படுகை வெறுமனே கிடந்தும் நிலம் ரயில்வே கையிலேயே இருந்ததால்தான் அது நடந்தது. திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளியும் அப்படித்தான். மக்கள்தொகை இருக்கிறது, சரக்கு இருக்கிறது, ரயில் வேண்டும் என்ற கூக்குரல் இருக்கிறது, அங்கே போய் சைக்கிள் விடு என்றால் அடிக்க வருவார்கள், வரவும் வேண்டும். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயல் தின்ற பாதைக்குக்கூட 2019-ல் திரும்ப அடிக்கல் நாட்டினார்கள்.

தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமென்றால் சிங்கப்பூர். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடிய மலாயா ரயில் 2011 ஜூன் 30 அன்று நின்றது, 24 கி.மீ. நிலம் மலேசிய ரயில்வேயிடமிருந்து மறுநாளே சிங்கப்பூருக்கு வந்தது. ஒரு சதுர அடிக்கு அடித்துக்கொள்ளும் ஊரில் அதைத் துண்டு போடாமல் நீளமாகவே வைத்து நடைபாதையாக்கியிருக்கிறார்கள். குவீன்ஸ்டவுனில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோயில் 1932-ல் ரயில்வே ஊழியர்கள் தண்டவாளத்தை ஒட்டித் தொடங்கியது. இது கிராமப் பாதை இல்லை, இருந்தாலும் அறுபடாத நிலம் என்றால் என்ன என்று பார்க்க இதைவிடக் கிட்டத்தில் வேறு இடம் இல்லை.

அறுபட்டால் என்ன ஆகும்: கிளைட்டில் கண்ணெதிரே

கிளைட் அணை விழுங்கிய துண்டைச் சொன்னேனே, குரோம்வெல் வரை போன பாதை. அது இன்று டன்ஸ்டன் ஏரிக்கு அடியில் கிடக்கிறது. அந்த வழியிலும் சைக்கிள் பாதை வேண்டும் என்றபோது பழைய படுகையைப் பயன்படுத்த வழியே இல்லை. எனவே பாறையைப் புதிதாகக் குடைந்தார்கள், செங்குத்தான இடங்களில் பாறைச் சுவரில் பலகைப் பாதையை ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள், ஒரு தொங்கு பாலமும் போட்டார்கள். 55 கி.மீ., 2021 மே மாதம் திறந்தது. பார்க்க ஒட்டாகோவை விடப் பத்து மடங்கு அழகு என்பார்கள், இருக்கலாம்.

ஆனால் ஏற்றம் வரும் இடங்களில் கொண்டை ஊசி வளைவுகள், திடீர் மேடுகள், மூச்சு வாங்கும், ஒரு பக்கம் ஏரி. ரயில் டிரெயிலுக்குக் குழந்தையை அழைத்துப் போகலாம் என்பவர்களே இதற்கு யோசிப்பார்கள், நிறையப் பேர் பாட்டரி சைக்கிள் எடுக்கிறார்கள். இரண்டு பாதைகளும் கிளைட்டில் சந்திக்கின்றன. முதல் நாள் ஒன்றில் போய்விட்டு மறுநாள் மற்றதில் ஏறினால், முதல் மேட்டிலேயே தொடை சொல்லிவிடும் எது இன்ஜின் போன வழி என்று.